ஆறு கோடு கேட்டால் எட்டு

சி மொழியில் ஐந்தாறு வரிகளுக்குள் எழுதிவிடக்கூடிய ஒரு நிரல். இரண்டு முறை சுற்றும் ஒரு லூப், அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் 'ஃபோர்க்' என்ற அழைப்பு. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை அது அப்படியே நகலெடுத்து இரண்டாக்கிவிடும். அடுத்து 'பிரிண்ட்எஃப்' மூலம் ஒரு சிறு கோடு. மொத்தம் எத்தனை கோடு விழும்? விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் சுற்றில் ஒன்று இரண்டாகிறது. இரண்டும் ஆளுக்கொரு கோடு போடுகின்றன. அடுத்த சுற்றில் இரண்டு நான்காகின்றன; நான்கு கோடு. ஆக ஆறு. லினக்ஸ் கணினியில் ஓட்டிப் பார்த்தால் திரையில் எட்டு கோடு இருக்கும்.

கோட்டுக்குப் பின்னால் புதுவரிக் குறி ஒன்றைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது ஆறு. அதே நிரலை ஓர் எழுத்துகூட மாற்றாமல், வெளியீட்டை மட்டும் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு ஓட்டினால் கோப்பில் எட்டு. எங்கே எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து எத்தனை முறை எழுதினோம் என்பதே மாறுகிறது. கணினி அறிவியல் மாணவர்கள் தேர்விலும் வேலை நேர்காணலிலும் இந்தக் கேள்வியைச் சந்திப்பதுண்டு. விடையை மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. லாக் கோப்பில் வரிகள் முன்பின்னாக நிற்பது, ஒரே செய்தி இருமுறை வருவது, வரவேண்டிய செய்தி காணாமல் போவது, எந்தப் பிழையும் காட்டாமல் நிரல் உறைந்து நிற்பது என்று அன்றாடம் நிரலாளர்களைப் பாடாய்ப் படுத்தும் கோளாறுகள் பலவற்றின் வேர் இந்த எட்டுக் கோட்டில்தான் இருக்கிறது.

'பிரிண்ட்' கட்டளை முடிந்துவிட்டால் எழுத்து வெளியே போய்விட்டது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். போகவில்லை. அது இன்னும் அந்த ப்ராசஸின் சொந்த நினைவகத்தில், பஃபர் எனப்படும் ஒரு சிறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆள் நிரம்பினால்தான் கிளம்பும் ஷேர் ஆட்டோ போல, பஃபர் நிரம்பும்வரை காத்திருந்து மொத்தமாகக் கிளம்புகிறது. கிளம்பும் அந்தக் கணத்தில்தான் 'ரைட்' என்ற சிஸ்டம் கால் நடக்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு விஷயம் தெரியவருகிறது. அதுவரை, அச்சிட்டதாக நாம் நம்பும் வரி அந்த ப்ராசஸைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இந்த ஏற்பாடு சோம்பலால் வந்ததில்லை. கெர்னலை ஒருமுறை கூப்பிட்டுத் திரும்புவது, நினைவகத்தில் ஒரு பைட்டை வைப்பதைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும் வேலை. 1 மெகாபைட் உரையை ஒவ்வொரு பைட்டாக எழுதினால் 10,48,576 முறை கெர்னலின் கதவைத் தட்ட வேண்டும். 4096 பைட் பஃபரில் சேர்த்துச் சேர்த்து அனுப்பினால் 256 முறை போதும். பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய பழைய உள்ளீட்டு வெளியீட்டு லைப்ரரியின் வழியில் வந்து, டென்னிஸ் ரிட்சியின் கையில் உருமாறி, 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு பரவிய 'ஸ்டாண்டர்ட் ஐ.ஓ.' லைப்ரரி இந்தச் சேமிப்பை எல்லா நிரலாளருக்கும் இலவசமாகக் கொடுத்தது. பஃபரைப் பற்றி யோசிக்காமலே வேகமான நிரல் எழுத முடிந்தது அதனால்தான்.

அதிலேயே ஒரு நுட்பமான முடிவும் அடங்கியிருந்தது. எதிரே மனிதர் உட்கார்ந்திருக்கும் டெர்மினல் என்றால், அவரைக் காக்க வைக்கக் கூடாது. ஒவ்வொரு வரி முடிவிலும் அனுப்பிவிட வேண்டும். கோப்போ, ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்குக் கொண்டுபோகும் பைப்போ என்றால் அவசரமில்லை, பஃபர் நிரம்பட்டும். பிழைச் செய்திக்கான தனி வாய்க்கால், அதாவது 'ஸ்டாண்டர்ட் எர்ரர்', காத்திருக்கவே கூடாது. நிரல் அடுத்த கணம் விழுந்து நொறுங்கலாம். 1989இல் வந்த சி மொழித் தர ஆவணம் இதற்கு விதிவடிவம் கொடுத்தது: மனிதரோடு உரையாடும் கருவி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால்தான் வெளியீட்டை முழு பஃபரில் வைக்கலாம், பிழை வாய்க்காலை அப்படி வைக்கக் கூடாது. எதிரே இருப்பது டெர்மினலா என்பதை லைப்ரரி சத்தமில்லாமல் கெர்னலிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. நிரலை எழுதியவருக்கு அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டதே தெரியாது. நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான். ஆனால் கண்முன்னே சரியாக ஓடும் நிரல், யாரும் பார்க்காத இடத்தில் வேறு மாதிரி நடந்துகொள்வதற்கான வழியும் இதனால்தான் திறந்தது.

இப்போது ஃபோர்க். ஒரு வேலை கிளைபிரிந்து இரண்டாக ஓடலாம் என்ற யோசனையை மெல்வின் கான்வே 1963இல் ஒரு கட்டுரையில் விவரித்திருந்தார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான நேரப்பகிர்வு அமைப்பில் அது நடைமுறைக்கு வந்தது. அங்கிருந்து கென் தாம்சனும் ரிட்சியும் யூனிக்ஸுக்கு எடுத்துக்கொண்டார்கள். பி.டி.பி.-7 கணினியில் ஃபோர்க்கைச் சேர்க்க அசெம்பிளி மொழியில் சரியாக 27 வரிகள்தான் தேவைப்பட்டன என்று ரிட்சி பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். புது ப்ராசஸை வெறுமையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. இருப்பதை நகலெடுத்தால் போதும். எளிமையின் அழகு அது.

ஆனால் நகல் என்றால் முழு நகல். தாய் ப்ராசஸின் நினைவகத்தில் இருப்பதெல்லாம் சேய்க்கும் போகிறது, கிளம்பாமல் காத்திருக்கும் பஃபர் உட்பட. கெர்னலுக்கு அது பஃபர் என்றே தெரியாது. அதன் கண்ணுக்கு அதுவும் பைட்டுகள்தான். ஆகவே தாய் எழுதி இன்னும் அனுப்பாத வரி, இப்போது இரண்டு பேரிடமும் இருக்கிறது. இருவருமே முடியும்போது தத்தம் பஃபரைக் காலி செய்வார்கள். வரி இருமுறை வெளிவரும்.

எட்டுக் கோட்டின் கணக்கு இதுதான். முதல் சுற்றில் இரண்டு ப்ராசஸும் ஆளுக்கொரு கோட்டைத் தம் பஃபரில் வைக்கின்றன. எதுவும் வெளியே போகவில்லை. இரண்டாம் சுற்றில் நான்காகும்போது, நான்கின் பஃபரிலும் ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறது. ஒவ்வொன்றும் இன்னொன்றைச் சேர்க்கிறது. நான்கு ப்ராசஸ், ஆளுக்கு இரண்டு கோடு. புதுவரிக் குறி இருந்து, எதிரே டெர்மினலும் இருந்தால் முதல் சுற்றின் கோடுகள் உடனே கிளம்பிவிடும், நகலெடுக்க மிச்சம் எதுவும் இருக்காது, ஆறு. கோப்புக்குப் போனால் புதுவரிக் குறிக்கு மதிப்பில்லை, மறுபடி எட்டு. சுற்றைப் பத்தாக்கிப் பாருங்கள்: 2046 வர வேண்டிய இடத்தில் 10,240 வரும்.

டபிள்யூ. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 1992இல் எழுதிய யூனிக்ஸ் நிரலாக்க நூல் பல தலைமுறை நிரலாளர்களை வளர்த்தெடுத்தது. ஃபோர்க்கை அறிமுகம் செய்யும் இடத்திலேயே அவர் இதைக் காட்டிவிடுகிறார். அவருடைய எடுத்துக்காட்டு நிரல் ஒரு வரியை நேரடியாக 'ரைட்' மூலமும், அடுத்த வரியை 'பிரிண்ட்எஃப்' மூலமும் எழுதிவிட்டு ஃபோர்க் செய்கிறது. திரையில் இரண்டும் ஒவ்வொரு முறை. கோப்புக்குத் திருப்பினால் முதல் வரி ஒருமுறை, இரண்டாம் வரி இருமுறை. நேராகக் கெர்னலிடம் போனது நகலாகவில்லை. பஃபரில் தங்கியது நகலானது. பாடம் நடத்த இதைவிடத் தெளிவான சோதனையை நான் பார்த்ததில்லை.

நடைமுறையில் இந்த இரட்டிப்பு எங்கே அதிகம் தலைகாட்டும்? சேய் ப்ராசஸ் பொதுவாக ஃபோர்க்குக்குப் பிறகு 'எக்ஸெக்' அழைத்து வேறொரு நிரலாக மாறிவிடும். எக்ஸெக் பழைய நினைவகத்தை முழுவதுமாகத் துடைத்துவிடுவதால், நகலாக வந்த பஃபரும் அதோடு போய்விடும், சிக்கல் இல்லை. ஆனால் எக்ஸெக் தோற்றுப்போனால்? நிரலின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை, அல்லது அந்தக் கோப்பை இயக்க அனுமதியில்லை என்று வையுங்கள். சேய் பிழையைச் சொல்லிவிட்டு 'எக்ஸிட்' அழைக்கும். எக்ஸிட் கடமை தவறாதது. விடைபெறும் முன் பஃபரைக் காலி செய்யும். தாயின் வரிகள் இரண்டாம் முறை கோப்பில் விழும். ஆகவே இந்த இடத்தில் பஃபரைத் தொடாமல் நேராக முடித்துக்கொள்ளும் 'அண்டர்ஸ்கோர் எக்ஸிட்' அழைப்பையே பயன்படுத்த வேண்டும். பிழை நேரும்போது மட்டும் ஓடும் பாதை என்பதால் சோதனைகளில் இது பிடிபடாது. வாடிக்கையாளரின் கணினியில் எதுவோ நிறுவப்படாமல் இருக்கும் நாளில்தான் வெளிப்படும்.

இரட்டிப்புக்கு நேர் எதிரானது இழப்பு. ஃபோர்க் இல்லாமல் நிரல் தானே எக்ஸெக் செய்து வேறொன்றாக மாறும் வழக்கமும் உண்டு. சர்வரைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்கள் இப்படித்தான்: சூழலைத் தயார் செய்து, 'இந்த அமைப்போடு தொடங்குகிறேன்' என்று ஒரு வரி அச்சிட்டு, உண்மையான சர்வராக மாறிவிடும். டெர்மினலில் அந்த வரி வரும். லாக் கோப்பில் வராது. பஃபரோடு சேர்த்துத் துடைக்கப்பட்டுவிட்டது. பிழைச் செய்தியும் கிடையாது. நள்ளிரவில் கோளாறு நடந்து, எந்த அமைப்போடு தொடங்கியது என்று தேடுகிறவருக்குத் தேவைப்படும் ஒரே வரி அதுவாக இருக்கும்.

இரண்டையும்விடப் பரவலானது வரிசை குலைவது. ஒரு பைத்தான் நிரல் 'தொகுப்பு தொடங்குகிறது' என்று அச்சிட்டு, 'சப்ப்ராசஸ்' மூலம் கம்பைலரை ஓட்டி, 'சோதனை தொடங்குகிறது' என்று அச்சிட்டுச் சோதனை நிரலை ஓட்டுகிறது. திரையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். தானியங்கிச் சர்வரில், வெளியீடு கோப்புக்குப் போகும்போது, கம்பைலரின் வெளியீடு முதலில், சோதனையின் வெளியீடு அடுத்து, கடைசியில் தலைப்பு வரிகள் இரண்டும் ஒன்றாக. சேய்கள் ஒவ்வொன்றும் தம் வேலை முடிந்ததும் பஃபரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன. தாயின் இரண்டு குட்டி வரிகள் பஃபரை நிரப்பவில்லை; நிரல் முடியும்வரை காத்திருந்தன. அந்த லாகைப் படிக்கிறவர், பிழை எந்தப் படியில் நடந்தது என்பதைத் தவறாகவே புரிந்துகொள்வார். லாக் என்பது நடந்ததன் சாட்சி. சாட்சியின் வரிசை மாறினால் விசாரணை திசைமாறும். இதை வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

தீர்வு ஒரே வரி: சேயைத் தொடங்கும் முன் பஃபரைக் காலி செய், அதாவது ஃப்ளஷ் செய். சி மொழியில் 'எஃப்ஃப்ளஷ்', பைத்தானில் 3.3 பதிப்பிலிருந்து 'பிரிண்ட்' கட்டளையிலேயே 'ஃப்ளஷ்' என்ற தெரிவு உண்டு. ஒரே கோப்பை இரண்டு ப்ராசஸ்கள் பகிரும்போது எந்தக் கட்டத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை போசிக்ஸ் தர ஆவணம் ஒரு தனிப் பிரிவில் விரித்துச் சொல்கிறது. அதன் சாரமும் இதேதான், கைமாற்றும் முன் கணக்கைத் தீர்த்துவிடு.

கெர்னலின் பக்கத்தில் இதற்கு இணையான ஒரு சிக்கல் யூனிக்ஸின் குழந்தைப் பருவத்திலேயே வந்தது. ரிட்சி அதைச் சொல்லியிருக்கிறார். கட்டளைகள் அடங்கிய ஒரு கோப்பில் 'எல்.எஸ்.', அடுத்து 'ஹூ' என்று இரண்டு கட்டளைகள். அந்தக் கோப்பை ஓட்டி, வெளியீட்டை இன்னொரு கோப்புக்குத் திருப்பினார்கள். முதல் கட்டளை எழுதியதன் மேலேயே இரண்டாம் கட்டளை எழுதி அழித்துவிட்டது. கோப்பில் எதுவரை எழுதியாயிற்று என்ற குறிப்பு அப்போது ஒவ்வொரு ப்ராசஸிடமும் தனித்தனியாக இருந்தது. கட்டளைகளை ஓட்டும் ஷெல் தானாக எதையும் எழுதாததால் அதன் குறிப்பு பூஜ்யத்திலேயே நின்றது. இரண்டாம் சேய் அந்தப் பூஜ்யத்தை வாங்கிக்கொண்டு கோப்பின் தொடக்கத்திலிருந்து எழுதியது. குறிப்பை ப்ராசஸிலிருந்து பிரித்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு அட்டவணையில் கெர்னலே வைத்துக்கொள்வதுதான் தீர்வானது. இன்றுவரை தாயும் சேயும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுத முடிவது அந்த அட்டவணையால்தான். பஃபருக்கு அப்படி ஒரு பொது அட்டவணை கிடையாது. அது கெர்னலுக்கு வெளியே, நிரலின் சொந்த வீட்டுக்குள் இருக்கிறது. அதனால் பொறுப்பும் நிரலிடமே தங்கிவிட்டது.

மொழிகளை உருவாக்கியவர்கள் இந்தப் பொறுப்பை ஆளுக்கொரு விதமாகப் பங்கிட்டிருக்கிறார்கள். பெர்ல் மொழி 2000இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து, ஃபோர்க் நடக்கக்கூடிய எந்தச் செயலுக்கும் முன் எழுதுவதற்காகத் திறந்த கோப்புகள் அனைத்தையும் தானே ஃப்ளஷ் செய்ய முயல்கிறது. பைத்தானின் 'மல்டிப்ராசஸிங்' பகுதி ஃபோர்க்குக்கு முன் வெளியீட்டு வாய்க்கால்களைக் காலி செய்கிறது. அதே பைத்தானின் 'சப்ப்ராசஸ்' செய்வதில்லை. கோ மொழியின் வெளியீட்டுக்கு இயல்பாக பஃபரே இல்லை. வேண்டுமென்றால் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். ரஸ்ட், டெர்மினலோ கோப்போ, எப்போதும் வரிக்கு வரி அனுப்புகிறது. பெர்லின் முடிவே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு புது ப்ராசஸைத் தொடங்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு ஃப்ளஷ் ஒன்றுமே இல்லை. ஆனாலும் மொழியின் கை எட்டாத இடங்கள் உண்டு. பைத்தான் நிரலுக்குள் சி மொழியில் எழுதிய ஒரு பகுதி 'பிரிண்ட்எஃப்' செய்தால், ஒரே ப்ராசஸுக்குள் ஒன்றையொன்று அறியாத இரண்டு பஃபர்கள் இருக்கும். பைத்தானின் ஃப்ளஷ் பைத்தானின் பஃபரை மட்டுமே காலி செய்யும். இங்கே சேய் ப்ராசஸ்கூட வேண்டாம், ஒரே நிரலின் வரிகளே தங்களுக்குள் முன்பின்னாகிவிடும்.

பல சேய்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது இன்னொரு குழப்பம் சேர்ந்துகொள்கிறது. பைப்பில் எழுதும்போது, லினக்ஸில் 4096 பைட் வரையான ஒரு 'ரைட்' நடுவில் துண்டாகாது என்பது உறுதி. போசிக்ஸ் தரும் குறைந்தபட்ச உறுதி 512 பைட். வரி வரியாக அனுப்பும் நிரல்கள் இந்த உறுதியால் பிழைத்துக்கொள்கின்றன. முழு பஃபரில் சேர்த்து அனுப்பும் நிரலோ, பஃபர் நிரம்பும் இடத்தில் வெட்டி அனுப்புகிறது. அந்த இடம் வரியின் நடுவாக இருக்கலாம். ஒருவரின் அரை வரியோடு மற்றவரின் அரை வரி ஒட்டிக்கொண்டு, இருவருமே எழுதாத ஒரு வரி லாகில் பிறக்கும். எட்டுப் பத்து வேலைகளை ஒன்றாக ஓட்டும் 'மேக்' கருவியின் வெளியீட்டைப் படித்தவர்களுக்கு இந்தக் கலவை பழக்கமானது. க்னூ மேக் 2013இல் வந்த 4.0 பதிப்பில் ஒவ்வொரு வேலையின் வெளியீட்டையும் தனியே சேர்த்துவைத்து முடிந்ததும் மொத்தமாகக் காட்டும் தெரிவைக் கொண்டுவந்தது.

இதுவரை பார்த்தது தாயின் பஃபர். சேயின் பஃபர் தரும் தொல்லை வேறு வகை. ஒரு சேயைத் தொடங்கி, அதன் வெளியீட்டை பைப் வழியாக வாங்கி, வரவர ஒரு முன்னேற்றப் பட்டையில் காட்ட நினைக்கிறோம். கையால் ஓட்டியபோது நொடிக்கொரு வரி சொன்ன அந்த நிரல், நம் நிரலுக்குள் ஓடும்போது நிமிடக்கணக்கில் வாயே திறக்காது. பிறகு ஒரேயடியாகக் கொட்டும். எதிரே டெர்மினல் இல்லை என்று தெரிந்ததும் அதன் லைப்ரரி முழு பஃபருக்கு மாறிவிட்டது. ஓடும் லாகை 'டெய்ல்' மூலம் தொடர்ந்து வாசித்து, அதை இரண்டு 'க்ரெப்' வழியாக வடிகட்டுகிறவர்களுக்கும் இதே அனுபவம்: ஒரு க்ரெப் இருந்தால் உடனுக்குடன் வரும், இரண்டானதும் நின்றுவிடும். முதல் க்ரெப்பின் எதிரே இப்போது டெர்மினல் இல்லை, பைப் இருக்கிறது. வரிக்கு வரி அனுப்பச் சொல்லும் தெரிவு க்ரெப்பிலேயே உண்டு என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

இதில் தாய் செய்யக்கூடியது குறைவு. சேயின் பஃபர் சேயின் நினைவகத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் அதைக் காலி செய்ய முடியாது. சேய்க்கே ஏதாவது தெரிவு இருந்தால் அதைக் கொடுக்கலாம். பைத்தானுக்கு 'பைத்தான்அன்பஃபர்டு' என்ற சூழல் மாறி இருக்கிறது, கன்டெய்னர்களுக்கான டாக்கர் கோப்புகளில் அந்த வரியை அடிக்கடி பார்க்கலாம். அது இல்லாத கன்டெய்னரில் நிரல் ஓடிக்கொண்டிருந்தும் லாக் வெறுமையாக இருப்பதைக் கண்டு நிரலே தொடங்கவில்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. 2009 முதல் க்னூ கருவித்தொகுப்பில் 'எஸ்டிடிபஃப்' என்ற கருவி இருக்கிறது. சேய் தொடங்கும்போதே ஒரு சிறு லைப்ரரியை உள்ளே நுழைத்து பஃபரின் பழக்கத்தை மாற்றுகிறது. சி லைப்ரரியை இயங்குநேரத்தில் இணைத்துக்கொள்ளும் நிரல்களிடம் மட்டுமே அது பலிக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான வழி, எதிரே டெர்மினல் இருப்பதாகச் சேயை நம்பவைப்பது. அதற்கென்றே கெர்னலில் போலி டெர்மினல் வசதி இருக்கிறது. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டில் டான் லைப்ஸ் 1990இல் உருவாக்கிய 'எக்ஸ்பெக்ட்' இந்த வழியை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. விலை ஒன்று உண்டு: டெர்மினல் இருப்பதாக நம்பும் நிரல் வண்ணக் குறியீடுகளையும் சேர்த்து அனுப்பும், சில சமயம் கடவுச்சொல்லும் கேட்டு நிற்கும்.

உறைந்து நிற்பது கடைசி வகை. பார்த்தவர் மறக்க மாட்டார். லினக்ஸில் ஒரு பைப்பின் கொள்ளளவு இயல்பாக 65,536 பைட். தாய் இரண்டு பைப்புகளைத் திறந்து சேயின் வெளியீட்டையும் பிழை வாய்க்காலையும் வாங்குகிறது. முதலில் வெளியீட்டை முடியும்வரை படிப்போம், பிறகு பிழைகளைப் படிப்போம் என்று எழுதியிருக்கிறது. சேய் நிறையப் பிழைச் செய்திகளை எழுதுகிறது. அந்த பைப் நிரம்புகிறது. இடம் கிடைக்கும்வரை கெர்னல் சேயை நிறுத்திவைக்கிறது. சேய் வெளியீட்டை முடிக்கும் என்று தாய் காத்திருக்கிறது. தாய் பிழைகளைப் படிக்கும் என்று சேய் காத்திருக்கிறது. யாரும் தவறு செய்யவில்லை என்று இரு தரப்பின் நிரலையும் தனித்தனியே படித்தால் தோன்றும். சிறிய உள்ளீட்டில் ஓடிய நிரல் பெரிய உள்ளீட்டில் நிற்பது இப்படித்தான். பைத்தானின் ஆவணமும் ஜாவாவின் ஆவணமும் இதை வெளிப்படையாக எச்சரிக்கின்றன. பைத்தானில் 'கம்யூனிகேட்' என்ற அழைப்பு இரண்டு வாய்க்கால்களையும் ஒரே சமயத்தில் வாசித்துக்கொள்ளும். தனித்தனியாக வாசிக்கும் நிரலை நாமே எழுத முனைவதைவிட அதை அழைப்பது நல்லது. பிழை வாய்க்கால் தனியாகத் தேவையில்லை என்றால் இரண்டையும் ஒரே பைப்பில் இணைத்துவிடலாம்; சிக்கல் அங்கேயே முடிந்தது.

உள்ளீட்டுப் பக்கமும் ஒரு வார்த்தை. ஷெல்லில் சர்வர் பெயர்களின் பட்டியலை வரி வரியாக வாசித்து ஒவ்வொன்றிலும் 'எஸ்எஸ்எச்' மூலம் ஒரு கட்டளையை ஓட்டும் லூப் எழுதினால், முதல் சர்வரோடு நின்றுவிடும். எஸ்எஸ்எச் சேயாக ஓடும்போது தாயின் உள்ளீட்டையே தன் உள்ளீடாக எடுத்துக்கொண்டு, மிச்சப் பட்டியலை முழுவதும் விழுங்கிவிடுகிறது. அதற்கு வெறும் உள்ளீட்டைக் கொடுக்கும் தெரிவைச் சேர்த்தால் சரியாகும். இந்த லூப்பில் ஷெல்லின் நடத்தை பாராட்டத்தக்கது. உள்ளீடு பைப் வழியாக வரும்போது 'ரீட்' கட்டளை ஒவ்வொரு பைட்டாகவே படிக்கிறது, வரி முடிந்த இடத்தில் சரியாக நிறுத்துகிறது. மெதுவான வழிதான். ஆனால் ஒரு பைட் கூடுதலாகப் படித்துத் தன் பஃபரில் வைத்துக்கொண்டாலும், அடுத்து ஓடப்போகும் சேய்க்குச் சேர வேண்டியதைப் பறித்ததாகிவிடும். பின்னால் வருகிறவருக்காக வேகத்தை விட்டுக்கொடுக்கும் இந்தக் கட்டுப்பாட்டை ஷெல் எழுதியவர்கள் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள்.

ஃபோர்க்கே காலாவதியாகிவிட்டது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2019இல் இயங்குதள ஆய்வாளர்கள் நால்வர் ஒரு கருத்தரங்கில் வைத்த கட்டுரை, இன்றைய மென்பொருள்களோடு ஃபோர்க் ஒத்துப்போகவில்லை என்றது. அதற்கு அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று நம் பஃபர்தான். ஒரு லைப்ரரி உள்ளுக்குள் எதைச் சேர்த்துவைத்திருக்கிறது என்று அதை அழைப்பவருக்குத் தெரியாது. ஆனால் ஃபோர்க் செய்பவர் எல்லாவற்றையும் அறிந்திருந்தால்தான் நகல் பிழையில்லாமல் இருக்கும். பைத்தான் 3.14 பதிப்பு லினக்ஸில் 'மல்டிப்ராசஸிங்' நேரடியாக ஃபோர்க் செய்யும் பழைய வழக்கத்தைக் கைவிட்டிருக்கிறது, முக்கியமாகத் த்ரெட்களோடு ஃபோர்க் மோதுவதால். 'போசிக்ஸ் ஸ்பான்' போன்ற மாற்று வழிகள் நகலைத் தவிர்ப்பதால் இரட்டிப்பும் இருக்காது. வரிசைக் குலைவை அவை தொடவே இல்லை. தாயின் வரி தாயின் பஃபரில் இருக்கும்வரை, சேயை எப்படித் தொடங்கினாலும் சேய் முந்திக்கொள்ளும்.

தன் நிரலில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர், டெர்மினலில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. டெர்மினலில்தான் அது ஒளிந்துகொள்ளும். நிரலின் வெளியீட்டை ஒருமுறை 'கேட்' கட்டளைக்குள் பைப் செய்து ஓட்டி, இரண்டு வெளியீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வரிகளின் எண்ணிக்கையோ வரிசையோ மாறியிருந்தால், பெரும்பாலும் எங்கோ ஒரு சேய் ஃப்ளஷுக்கு முன்னால் தொடங்கப்படுகிறது. அந்த இடத்தைப் பிடிக்க லினக்ஸில் 'எஸ்ட்ரேஸ்' உதவும்; சேய்களையும் பின்தொடரும் தெரிவோடு ஓட்டினால், ஒவ்வொரு 'ரைட்' அழைப்பும் எந்த ப்ராசஸிலிருந்து, எந்தக் கணத்தில், எத்தனை பைட்டோடு போனது என்று வரிசையாகக் காட்டும். பட்டியலில் ஃபோர்க் வரியைத் தேடுங்கள். இன்றைய லினக்ஸில் அது பெரும்பாலும் 'க்ளோன்' என்ற பெயரில் தெரியும். அதற்கு முன்னால் போயிருக்க வேண்டிய 'ரைட்' அதற்குப் பின்னால் நின்றால், ஃப்ளஷ் வரவேண்டிய இடம் அதற்கு முந்தைய வரி.